தாடை ஆபரேஷன் பண்ணா டிஎம்ஜே (காதுக்கு முன்னாடி இருக்கிற தாடை மூட்டு) வலி போகுமா? பண்ணவங்க சொல்லுங்க ப்ளீஸ்

சத்தம்போடும்தாடை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போய்ட்டு இருந்தேன், இன்னைக்குதான் அக்கவுண்ட் போட்டு கேக்குறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எனக்கு 27 வயசு. சின்னதுல இருந்தே கீழ்த்தாடை உள்வாங்கினாப்ல இருக்கும், மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவுல 9 மிமீ இடைவெளின்னு அளந்து சொன்னாங்க. அது பாட்டுக்கு இருந்துச்சு, போட்டோல பக்கவாட்டுல நிக்க மாட்டேன், யாராவது பாத்தா தாடைய லேசா முன்னாடி தள்ளி வச்சுப்பேன், அவ்ளோதான். இந்த வலி ரெண்டு வருஷமாத்தான். வலது காதுக்கு முன்னாடி ஆரம்பிக்கும், காலைல எந்திரிக்கும்போதே தாடை இறுகிப்போய் இருக்கும், சாயங்காலம் ஆச்சுன்னா நெத்திப்பொட்டுல இருந்து கழுத்து வரைக்கும் இழுக்கும். வாய் திறந்தா டொக்குன்னு ஒரு சத்தம், மூடும்போது இன்னொரு சின்ன சத்தம், பக்கத்துல உக்காந்தவங்களுக்கே கேக்கும். முதல்ல காதுல தான் ஏதோன்னு நினைச்சு மூணு தடவை ஈஎன்டி டாக்டர்கிட்ட போனேன், காது சுத்தமா இருக்குன்னு அனுப்பிட்டாங்க.

இப்ப ஒரு சர்ஜன் பாத்துட்டு மேல்தாடை கீழ்த்தாடை ரெண்டையும் வெட்டி நகத்தணும், அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் கம்பி போடணும், கடி, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ற விதம், சரியாயிட்டா மூட்டு மேல இருக்கிற லோடு குறைஞ்சு வலி தானா போயிடும்னு சொல்றார். ஆனா கம்பி போடுற ஆர்த்தோடான்டிஸ்ட் மேடம் வலிக்காக மட்டும் இத பண்ணாதம்மான்னு சொல்றாங்க. ஒருத்தர் போன்னு சொல்றார் ஒருத்தர் போகாதன்னு சொல்றாங்க, வீட்ல யாருமே ஒத்துக்கல. நான் யார் பேச்ச கேக்குறது? உங்கள்ல யாருக்காவது ஆபரேஷனுக்கு அப்புறம் மூட்டு வலி நெஜமாவே போச்சா?


மறுதாடை:

எனக்கு போச்சு, ஆனா முழுசா படிங்க.

4 வருஷம் ஆச்சு பண்ணி, எனக்கு உங்களுக்கு உல்டா, கீழ்த்தாடை முன்னாடி துருத்திட்டு இருந்துச்சு, முன்பல்லு ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராது, எதையும் கடைவாய்ல வச்சுத்தான் கடிக்கணும், சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள கன்னம் ரெண்டும் ஜிம் போய்ட்டு வந்த மாதிரி வலிக்கும். ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த கன்ன வலி போயே போச்சு. சத்தம் மட்டும் போகல, இப்பவும் இடது பக்கம் கிளிக் இருக்கு, வலிக்காது, அதனால கண்டுக்கறதில்ல.

ஆனா ஒண்ணு, வலி போனது ஆபரேஷனாலதானான்னு எனக்கே அடிச்சு சொல்ல முடியல. ஏன்னா ஆபரேஷன் முடிஞ்சு 6 வாரம் எதையும் மென்னே சாப்பிடல, எல்லாமே மிக்ஸில அடிச்சு குடிச்சதுதான், 3 மாசம் லீவு, ராத்திரி மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேத்துப் பிடிக்கிற எலாஸ்டிக் மாட்டியிருந்ததால பல்லக் கடிக்கவும் முடியல. ஆபரேஷனே இல்லாம ஒருத்தன 3 மாசம் வேலைக்குப் போகாம மெல்லாம டென்ஷன் இல்லாம உக்கார வச்சா அவனுக்கும் பாதி வலி போயிருக்கும்னு சில சமயம் தோணும்.

இன்னொன்னு யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, கீழ் உதடும் முகவாயும் மரத்துப்போகும். கீழ்த்தாடை எலும்புக்குள்ளயே ஒரு நரம்பு ஓடுது, அதுக்குப் பக்கத்துலதான் எலும்ப பிளக்குறாங்க. எனக்கு 8 மாசத்துல பெரும்பாலும் திரும்பிடுச்சு, முகவாய்ல ஒரு ரூபா காசு அளவு இடம் மட்டும் இன்னும் யாரோட தோலோ மாதிரி இருக்கு, ஷேவ் பண்ணும்போது தெரியும். எலாஸ்டிக் கழட்டினப்ப வாய் 18 மிமீ தான் திறந்துச்சு, தினமும் எக்சர்சைஸ் பண்ணி 42 வரைக்கும் கொண்டு வந்தேன். கடிக்காகவும் முகத்துக்காகவும் மறுபடி பண்ணுவியான்னு கேட்டா பண்ணுவேன். வலிக்காக மட்டும்னா, தெரியல பாஸ்.


ரெண்டாவதுரவுண்டு:

அவசரப்படாதீங்க சிஸ்டர்

நானும் உங்கள மாதிரியே சின்ன கீழ்த்தாடை, எனக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி வலி சுத்தமா இல்ல, சத்தம் மட்டும்தான், 22 வயசுல பண்ணேன், நல்லா நிறையவே முன்னாடி நகத்துனாங்க, மொத வருஷம் கண்ணாடி முன்னாடியே நின்னுட்டு இருப்பேன் அவ்ளோ சந்தோஷம், அப்புறம் மெல்ல மெல்ல முன்பல்லு ரெண்டும் சேராம இடைவெளி விழ ஆரம்பிச்சுது, கூடவே காதுக்கு முன்னாடி வலி, தாடை மறுபடி பழைய இடத்துக்கே போற மாதிரி. ஸ்கேன்ல பாத்தா மூட்டுல இருக்கிற எலும்பு முனை ரெண்டு பக்கமும் கரைஞ்சிருக்கு. காண்டைலர் ரிசார்ப்ஷன்னு பேரு. வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் அதிகம் வருமாம், அதுலயும் தாடை சின்னதா, மூட்டு முனை ஒல்லியா இருந்து ரொம்ப தூரம் நகத்தினா ரிஸ்க் கூடுமாம், இதெல்லாம் எனக்கு அப்புறமாத்தான் சொல்றாங்க

பண்ண டாக்டர கெட்டவர்னு சொல்ல மாட்டேன், ஆனா முன்னாடி மூட்ட எம்ஆர்ஐ எடுத்துப் பாக்கல. இப்ப கரையிறது நின்னுருக்கான்னு ஸ்கேன் எடுத்து எடுத்துப் பாத்துட்டு இருக்கோம், நின்னாதான் அடுத்தது என்னன்னு முடிவு, செயற்கை மூட்டு வரைக்கும் பேச்சு போயிருக்கு

உங்கள பயமுறுத்த எழுதல, மூட்ட பாக்காம தாடைய வெட்ட விடாதீங்க அவ்ளோதான்


கம்பிக்குப்பின்:

எனக்கு நைட் கார்டு (ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிற தட்டு, ஸ்பிளின்ட்னும் சொல்வாங்க) போட்டு 3 மாசத்துல வலி ஓடிப்போச்சு, எதுக்கு இவ்ளோ பெரிய ஆபரேஷன் எல்லாம். முதல்ல ஒரு ஸ்பிளின்ட் போட்டுப் பாருங்க.


எலும்பும்தையலும்:

நான் வாய் முக அறுவை சிகிச்சைல பயிற்சில இருக்கேன், சர்ஜன் ஆகல இன்னும், அதனால இத ஆலோசனையா எடுக்காம உங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டியத தெரிஞ்சுக்கிறதுக்கா எடுத்துக்கோங்க. மேல எழுதின மூணு பேரோட அனுபவமும் ஒண்ணோட ஒண்ணு முட்டுற மாதிரி தெரியும், ஆனா மூணும் நடக்கிறதுதான்.

முதல்ல டிஎம்ஜே வலிங்கிறது ஒரே வியாதி இல்ல. வயித்து வலின்னு சொல்றமே அந்த மாதிரி ஒரு பேரு, அவ்ளோதான். உள்ள குறைஞ்சது மூணு கதை இருக்கு. ஒண்ணு தசை, கன்னத்துல இருக்கிற மாசெட்டர், நெத்திப்பொட்டுல இருக்கிற டெம்போராலிஸ், இதெல்லாம் ஓவர்டைம் பாத்து வலிக்கிறது. காலைல இறுக்கம், சாயங்காலம் நெத்தில இருந்து கழுத்து வரைக்கும் இழுக்குதுன்னு நீங்க எழுதினது எனக்கு பாதிக்கு மேல தசைக் கதையாத்தான் படுது. ரெண்டாவது டிஸ்க். மண்டை எலும்புக்கும் தாடை முனைக்கும் நடுவுல ஒரு சின்ன மெத்தை இருக்கு, அது முன்னாடி வழுக்கிப் போயிருந்தா வாய் திறக்கும்போது எலும்பு அது மேல ஏறும், டொக்; மூடும்போது மறுபடி நழுவும், சின்னதா இன்னொரு டொக். நீங்க சொன்ன ரெட்டைச் சத்தம் அச்சு அசல் அதான். கண்ணாடி முன்னாடி நின்னு கீழ்த்தாடைய முன்னாடி கொண்டு வந்து, முன்பல்லும் முன்பல்லும் முட்டுற மாதிரி வச்சுட்டு அங்க இருந்தே திறந்து மூடிப் பாருங்க, சத்தம் காணாமப் போச்சுன்னா பெரும்பாலும் டிஸ்க்தான். மூணாவது எலும்பே தேயறது, ரெண்டாவதுரவுண்டு சொன்னது அந்த வகையறா. அதுல கிளிக் இருக்காது, மணல் மேல நடக்கிற மாதிரி கரகரன்னு கேக்கும், ஆரம்பத்துல சத்தமே இல்லாமலும் இருக்கும்.

இப்ப ஆபரேஷன் எங்க நடக்குதுன்னு பாருங்க. மேல்தாடைல லெஃபோர்ட் 1னு ஒரு வெட்டு, பல்லு வேருக்கு மேல குறுக்கால. கீழ்த்தாடைல ரெண்டு பக்கமும் எலும்ப பலகை பிளக்குற மாதிரி ரெண்டா பிளந்து சறுக்கி நகத்தி டைட்டானியம் பிளேட் ஸ்க்ரூ போடறது, 1950கள்ல ஓப்வெகெசர்னு ஒருத்தர் கொண்டு வந்த முறை, நிறைய மாறிடுச்சு ஆனா அடிப்படை இன்னும் அதான். ரெண்டு வெட்டும் மூட்டுக்கு வெளிய. மூட்ட யாரும் தொடறதே இல்ல, வழுக்கின டிஸ்க்க யாரும் எடுத்து உக்கார வைக்கிறதில்ல. கடியும் தசையோட இழுப்புக் கோணமும் மாறுது, மூட்டு அந்த புது ஏற்பாட்டுக்குப் பழகணும். சில மூட்டு சந்தோஷமா பழகுது, சிலது பழகாது. பிளேட் போடும்போது மூட்டு முனை குழிக்குள்ள எந்த இடத்துல உக்காந்திருக்குங்கிறதும் முக்கியம், பின்னாடி அழுந்தினாப்ல உக்காந்துட்டா அது வேற தலைவலி.

ஆய்வுகள சேத்து வச்சுப் பாத்த ரிவ்யூக்கள் சொல்றதும் இதேதான். முன்னாடி வலி இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு குறையுது, முக்கியமா தசை வலி. சிலருக்கு அப்படியே நிக்குது. வலியே இல்லாம இருந்தவங்கள்ல ஒரு சின்ன கூட்டத்துக்கு புதுசா வருது. யாருக்கு எதுன்னு முன்கூட்டி சொல்ல நம்பகமான வழி இல்ல. அதனாலதான் கடி, மெல்லுறது, மூச்சு, முகம் இதுக்காகப் பண்ணலாம், வலி குறைஞ்சா போனஸ்னு நாங்க படிக்கிறோம். "தானா போயிடும்"னு உங்க சர்ஜன் சொன்ன வார்த்தை எனக்கு கொஞ்சம் உறுத்துது.

கடி தப்பா இருந்தா மூட்டு கெடும்ங்கிற எண்ணமே ரொம்ப பழசு. 1934ல காஸ்டென்னு ஒருத்தர், அவரும் உங்கள மூணு தடவை திருப்பி அனுப்பின மாதிரி ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்தான், காது வலி தலைவலி எல்லாத்தையும் கடியோட முடிச்சுப் போட்டு எழுதினார். அதுக்கப்புறம் பல வருஷம் பல்ல ராவறது, கடிய உயத்துறதுன்னு போச்சு. 1980கள்ல டிஸ்க்க எடுத்துட்டு டெஃப்லான் கலந்த ஒரு துண்ட வச்சாங்க, அது மெல்லும்போது பொடிப்பொடியா உதிர்ந்து உடம்பு அத எதுத்து மூட்டு எலும்பையே அரிச்சுருச்சு, 1990கள் ஆரம்பத்துல அமெரிக்காவுல மார்க்கெட்ட விட்டே எடுத்தாங்க. திருப்பி எடுக்க முடியாத வைத்தியத்துக்கு இந்த துறைல ஏன் இவ்ளோ பயப்படுறாங்கன்னா இதெல்லாம்தான் காரணம். கடி கோணலா இருந்தும் வலியே இல்லாதவங்க ஏராளம், பல்லு வரிசை பளிச்சுன்னு இருந்தும் வலில துடிக்கிறவங்களும் ஏராளம்.

கம்பிக்குப்பின் சொன்ன ஸ்பிளின்ட் பத்தி: போட்டுப் பாக்கலாம், ஆனா எல்லா பல்லையும் மூடுற தட்டையான வகையா இருக்கணும். பாதி பல்லுக்கு மட்டும் மாட்டுறது, தாடைய முன்னாடி இழுத்து வச்சே 24 மணி நேரமும் போடச் சொல்றது இதெல்லாம் கடியவே மாத்திடும். 2023ல பிஎம்ஜேங்கிற மருத்துவப் பத்திரிகைல நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வந்துச்சு, அதுல ஸ்பிளின்டுக்குக்கூட பெரிசா ஆதரவு இல்ல. தெரபிஸ்ட் மேற்பார்வைல தாடை எக்சர்சைஸ், கையால தசைய இளக்குறது, வலியோட எப்படி இருக்கிறதுன்னு சொல்லித்தர சிபிடி கவுன்சலிங், இதுக்குத்தான் பலமா கை தூக்கியிருக்காங்க. கேக்க சப்புன்னு இருக்கும், தெரியும்.

கடைசியா, நீங்க போற போக்குல எழுதின ஒண்ணுதான் எனக்கு மொத்த போஸ்ட்லயும் முக்கியமாப் பட்டுச்சு. யாராவது பாத்தா தாடைய முன்னாடி தள்ளி வச்சுப்பேன்னீங்களே, அத ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் பண்றீங்க?


சத்தம்போடும்தாடை:

ஐயோ. இத யாருமே கேட்டதில்ல.

நெஜமா சொல்லணும்னா ஆபீஸ்ல இருக்கிற நேரம் பூரா. ரெண்டு வருஷம் முன்னாடி வேலை மாறினேன், இப்ப நாள் பூரா வீடியோ கால், ஸ்கிரீன்ல என் மூஞ்சிய நானே பாத்துட்டு இருக்கணும், அதனால தாடை தானா முன்னாடி வந்துடும். வலி ஆரம்பிச்சதும் அப்பதான்... இப்ப எழுதும்போதுதான் கணக்கு சேருது.

முன்பல்ல முட்ட வச்சு திறந்து பாத்தேன். சத்தம் இல்ல!! நாலஞ்சு தடவை பண்ணிப் பாத்துட்டேன்.

மறுதாடை அண்ணா, மரத்துப்போற விஷயம் எனக்கு ஒரு வரில சொல்லிட்டுப் போய்ட்டாங்க, நீங்க எழுதினதுக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. ரெண்டாவதுரவுண்டு அக்கா, உங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, சீக்கிரம் நல்லாகணும். எனக்கும் எம்ஆர்ஐ எடுக்கல, ஓபிஜி எக்ஸ்ரே (மொத்த தாடையும் ஒரே படத்துல வர்றது) மட்டும்தான்.


எலும்பும்தையலும்:

அப்ப ரெண்டு விஷயம் இருக்கு. தாடைய முன்னாடியே பிடிச்சு வச்சிருக்கிறது ஒரு தசைக்கு எட்டு மணி நேரம் கைய நீட்டிட்டே நிக்கிற மாதிரி, அது வலிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். இத பழக்கமா வச்சிருக்கவங்க நிறைய பேர் இருக்காங்க, எங்களுக்குள்ள இதுக்கு சண்டே பைட்னு ஒரு பேரே இருக்கு, விருந்தாளி வந்தா மட்டும் போட்டுக்கிற கடி. உங்களுக்கு ஆபரேஷன் பலன் தர வாய்ப்பிருக்கிறதும் இங்கதான், தாடை உண்மையாவே முன்னாடி வந்துட்டா தள்ளிப் பிடிக்க வேண்டியதே இல்ல. ஆனா அதே பழக்கத்தால அளவும் தப்பாகும். அளவெடுக்கிற அன்னைக்கு தசை பழக்கதோஷத்துல தாடைய முன்னாடி வச்சிருந்தா பிளானே அந்த பொய்யான இடத்துல இருந்து போட்டுருவாங்க. முதல்ல தசைய இளக வச்சு, தாடை அதோட சொந்த இடத்துக்கு வந்தப்புறம்தான் அளவே எடுக்கணும். அதனால இந்த விஷயத்த சர்ஜன்கிட்டயும் ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்டயும் கட்டாயம் சொல்லுங்க.

ஸ்கேன் கேட்டு வாங்குங்க, டிஸ்க்குக்கு எம்ஆர்ஐ, எலும்பு முனைக்கு சிபிசிடிங்கிற 3டி எக்ஸ்ரே ஸ்கேன். ஓபிஜில மூட்டு சும்மா நிழல் மாதிரிதான் தெரியும். சர்ஜன்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: எனக்கு வலியே இல்லாம இருந்திருந்தா இந்த ஆபரேஷன சொல்லியிருப்பீங்களா? அப்பவும் ஆமான்னா யோசிக்கலாம்.

அப்புறம் இந்த த்ரெட்ட படிக்கிற மத்தவங்களுக்கு, 50 வயசுக்கு மேல புதுசா நெத்திப்பொட்டு வலியும் மெல்லும்போது தாடை வலியும் சேந்து வந்தா அது டிஎம்ஜேன்னு உக்காந்துட்டு இருக்காதீங்க, ரத்தக்குழாய் அழற்சியா இருந்தா கண்ணு பறிபோகும், அன்னைக்கே டாக்டர பாருங்க. நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து உக்காந்தா அடங்குற தாடை வலி இதயத்துல இருந்தும் வரலாம்.


கழுத்துப்பிடி:

நான் பிசியோ, தாடை கேஸ் நிறைய பாக்குறேன். ஆபரேஷன் பத்தி எனக்கு கருத்து இல்ல, அது வரைக்கும் என்ன பண்றதுன்னு மட்டும் சொல்றேன்.

உதடு மூடியிருக்கணும், பல்லு பல்ல தொடக்கூடாது, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னாடி அண்ணத்துல லேசா ஒட்டியிருக்கணும். "ந" சொல்லிட்டு அப்படியே நிறுத்துனா நாக்கு அந்த பக்கமாத்தான் இருக்கும். சாப்பிடுறது முழுங்குறது தவிர மத்த நேரம் பூரா பல்லுக்கு ரெஸ்ட். எல்லாரும் கேட்டுட்டு தலையாட்டுவாங்க, பத்து நிமிஷத்துல மறந்துடுவாங்க, அதனால மானிட்டர் ஓரத்துல ஒரு கலர் ஸ்டிக்கர் ஒட்டிக்கோங்க, அது கண்ணுல படும்போதெல்லாம் பல்லு எங்க இருக்குன்னு பாருங்க. உங்களுக்கு எக்ஸ்ட்ரா ஒண்ணு, வீடியோ கால்ல உங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியாம மறைச்சு வைக்கிற ஆப்ஷன் இருக்கும், அத போட்டுருங்க. நாக்க அண்ணத்துல ஒட்டினபடியே நேரா திறந்து மூடுறது, ஆறு ஆறா ஒரு நாளைக்கு ஆறு தடவை, வலிக்கிற வரைக்கும் இழுக்காதீங்க. சத்தம் கேக்குதான்னு சும்மா சும்மா டொக்கு டொக்குன்னு சோதிச்சுப் பாக்குறத மொதல்ல நிறுத்துங்க, நாலஞ்சு தடவை பண்ணேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க 😄

ஒரு நாள் திடீர்னு சத்தம் நின்னு வாயும் ரெண்டு விரல் அளவுக்கு மேல திறக்கலன்னா அது குணமானது இல்ல, டிஸ்க் முன்னாடியே மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம், தள்ளிப்போடாம போய் காட்டுங்க.


சத்தம்போடும்தாடை:

அப்டேட் கேட்டு மெசேஜ் பண்ணவங்களுக்காக, 11 வாரம் கழிச்சு எழுதுறேன்.

எம்ஆர்ஐல வலது டிஸ்க் முன்னாடி வழுக்கியிருக்கு, வாய் திறந்தா திரும்பி இடத்துக்கு வருது. இடது நார்மல். சிபிசிடில எலும்பு முனை ரெண்டும் ஒழுங்கா இருக்கு, தேய்மானம் இல்ல, அத படிச்சப்பதான் மூச்சே வந்துச்சு. அந்தக் கேள்விய சர்ஜன்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் 9 மிமீக்கு ஆமா சொல்லியிருப்பேன், வலி போகும்னு எழுதிக் குடுக்க சொன்னா குடுக்க மாட்டேன்னார். முதல் நாளே இத சொல்லியிருக்கலாம். ஆனா சொன்னாரே, அதுவரைக்கும் சரி. தாடைய தள்ளி வைக்கிற பழக்கத்த சொன்னதும் பழைய அளவெல்லாம் ஓரங்கட்டிட்டு, ஸ்பிளின்ட் போட்டு தசை அடங்கினப்புறம் திரும்ப எடுக்கலாம்னுட்டார்.

பிசியோ வாரம் ஒரு தடவை போறேன், ஸ்டிக்கர் ஒட்டியாச்சு, வீடியோ கால்ல என் மூஞ்சி எனக்குத் தெரியாம பண்ணியாச்சு. வலி பத்துக்கு ஏழா இருந்தது இப்ப மூணு, சில நாள் ரெண்டு. ரிப்போர்ட் முடிக்கிற வாரம் மட்டும் அஞ்சுக்கு ஏறுது. ஆபரேஷன் பண்ணுவேனா மாட்டேனான்னு இன்னும் முடிவு பண்ணல. பண்ணா கடிக்காகவும் முகத்துக்காகவும்தான்னு வீட்லயும் சொல்லிட்டேன். கம்பி போடுறது அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டிருக்கோம்.


மறுதாடை:

சூப்பர். சத்தம்?


சத்தம்போடும்தாடை:

சத்தம் அப்படியேதான் இருக்கு அண்ணா. அக்கவுண்ட் பேர மாத்த வேண்டியதில்ல.